நாலு நாட்டு ரைட்டர்ஸ ஒரே ரூம்ல உக்கார வச்சு சீரிஸ் எழுத வைக்கிறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

ஐரோப்பால இப்போ ஒரே ஒரு சேனல் தனியா காசு போட்டு பெரிய சீரிஸ் எடுக்குறது ரொம்ப கஷ்டம், அதனால ரெண்டு மூணு நாடு கூட்டு சேர்றாங்க. பிரான்ஸ் டெலிவிஷன், இத்தாலியோட ராய், ஜெர்மனியோட இசட்டிஎஃப் மூணு சேனலும் 2018லயே ‘தி அலையன்ஸ்’னு இதுக்காகவே கை கோத்தாங்க. காசு கூட்டு சேந்துரும், எழுதுறவங்க கூட்டு சேர்றதுதான் லேசுல நடக்காது. அதுக்குன்னே தனியா பயிற்சி நடக்குது. பெர்லின் டிஎஃப்எஃப்பி ஃபிலிம் ஸ்கூல்ல 2013ல ஆரம்பிச்ச ‘சீரியல் ஐஸ்’, டுரின்ல டொரினோ ஃபிலிம் லேப் நடத்துற ‘சீரிஸ்லேப்’, ப்ராக்ல ‘மிட்பாயின்ட்’னு நிறைய இருக்கு, 1991ல இருந்து ஓடுற ஐரோப்பிய யூனியனோட மீடியா திட்டத்துக் காசும் இந்த மாதிரி பயிற்சிகளுக்கு வருது.

இதுல சொதப்பறது பெரும்பாலும் கதை விஷயத்துல இல்ல. வர்றவங்க எல்லாரும் ஏற்கனவே எழுதத் தெரிஞ்சவங்க. அவங்கவங்க ஊர்ல எழுத்து வேலை எப்படி நடக்குது, யாரு பேச்சு செல்லும், எத்தன நிமிஷத்துக்கு எழுதுவாங்கங்கறதுதான் வேற வேற, அத யாரும் முதல் நாள் பேச மாட்டாங்க, எல்லாரும் ஹாலிவுட் ரைட்டர்ஸ் ரூம்ல, அதாவது பல ரைட்டர் ஒண்ணா உக்காந்து ஒரே கதைய போடற ரூம்ல, வளந்தவங்கன்னு நெனச்சுட்டு சீன எழுதின கார்ட போர்டுல ஒட்ட ஆரம்பிச்சுருவாங்க. முதல் தப்பே இதுதான்.

பிரிட்டன எடுத்துக்கோங்க, அங்க ஒரே ஆளு ஆறு எபிசோடையும் தானே எழுதறது சாதாரணம், ‘ஹேப்பி வேலி’ய சாலி வெய்ன்ரைட் அப்படித்தான் எழுதினாங்க. டென்மார்க்ல டிஆர் சேனல் ‘ஒன் விஷன்’னு ஒரு கொள்கையே வச்சிருந்தாங்க, அதாவது மெயின் ரைட்டரோட பார்வைதான் கடைசி வரைக்கும், மத்தவங்க அதுக்கு வேலை செய்யணும், 2010ல வந்த ‘போர்கன்’ல ஆடம் ப்ரைஸுக்குக் கீழ ரெண்டு ரைட்டர் சேந்து உக்காந்து எழுதினது இப்படித்தான். ஜெர்மனில நேர் தலைகீழா இருந்துச்சு, டைரக்டரும் சேனல்ல உக்காந்து ஸ்கிரிப்ட்ட பாக்கற எடிட்டரும்தான் ராஜா, ரைட்டர ஸ்கிரிப்ட் குடுத்துட்டு கெளம்புன்னு விட்டுருவாங்க. அது தாங்காமத்தான் 2018ல அங்க உள்ள ரைட்டர்ஸ் சேந்து ‘கான்ட்ராக்ட் 18’னு ஒண்ணு போட்டாங்க, டைரக்டர முடிவு பண்றதுல எங்களுக்கும் பங்கு வேணும், ஸ்கிரிப்ட்ல கடைசி வார்த்தை எங்களோடதுதான்னு கேட்டாங்க. பிரான்ஸ்ல ‘லு பூரோ தே லெஜாந்த்’ சீரிஸ்க்கு எரிக் ரோஷான் அமெரிக்க ஷோரன்னர் (எழுத்துலேர்ந்து தயாரிப்பு வரைக்கும் மொத்த சீரிஸையும் நடத்தற தலைமை ரைட்டர்) மாதிரி ஒரு முறைய கொண்டு வந்தது அங்க அவ்ளோ பெரிய பேச்சா ஆனதுக்கு காரணம், அதுக்கு முன்னாடி அங்க அது வழக்கமே இல்ல.

இப்போ இந்த நாலு பேரையும் ஒரு ரூம்ல போட்டு ‘எல்லாரும் சமம், பேசி முடிவு பண்ணுங்க’ன்னு சொன்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. டேனிஷ் ரைட்டர் யாராவது ஒருத்தர் முடிவு சொல்லுவாங்கன்னு காத்துட்டு இருப்பாரு, பிரிட்டிஷ்காரர் ராத்திரி வீட்டுக்குப் போய் தனியா மொத்தத்தையும் மாத்தி எழுதிட்டு வந்து நிப்பாரு, ஜெர்மன்காரர் யாரு அப்ரூவ் பண்ணுவாங்கன்னு கேப்பாரு. யாரும் கெட்டவங்க இல்ல, அவங்க ஊர்ல அதுதான் நல்ல வேலை. ஜனநாயகமா ஓட்டு போட்டு முடிவு பண்ற ரூம்ல இருந்து நல்ல சீன் வந்து நான் பாத்ததில்ல, எல்லாருக்கும் பரவால்லங்கற சீன்தான் வரும். அதனால ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஹெட் ரைட்டர், அடுத்த ப்ராஜெக்ட்ல அவரே கீழ உக்காந்து இன்னொருத்தருக்கு எழுதணும், இப்படி மாத்தி மாத்தி விடணும். அடுத்தவங்க குரல்ல எழுதிப் பழகறதுதான் இந்த பயிற்சியோட பாதி வேலையே.

அடுத்தது இங்கிலீஷ். ரூம்ல பொது மொழி அதுதான், வேற வழி இல்ல. ஆனா அயர்லாந்து, பிரிட்டன்ல இருந்து வந்தவங்க வேகமா ஜோக் அடிச்சுட்டே பேசுவாங்க, போலந்துல இருந்து வந்தவங்க வாக்கியத்த மனசுல கோத்து முடிக்கறதுக்குள்ள பேச்சு வேற எடத்துக்கு போயிருக்கும், கடைசில யாரு ஐடியா நல்லதுங்கறத விட யாரு இங்கிலீஷ் நல்லதுங்கறதுதான் ஜெயிக்கும். பேசறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் எல்லாரும் பேப்பர்ல எழுதட்டும், அப்புறம் படிச்சுக் காட்டட்டும், இது ஒண்ணே நிறைய சரி பண்ணிரும். அப்புறம் டயலாக் சீன மட்டும் அவங்கவங்க சொந்த மொழில எழுத விடுங்க, அடுத்தவங்களுக்கு மேலோட்டமா ஒரு மொழிபெயர்ப்பு போதும். இங்கிலீஷ்லயே எழுதினா எல்லா கேரக்டரும் ஏர்போர்ட்ல அறிவிப்பு பண்றவங்க மாதிரி பேசும்.

நாட்டுக்கு ஒரு கேரக்டர்னு பங்கு பிரிக்கறது இன்னொரு பெரிய தப்பு. ஒரு இத்தாலி போலீஸ், ஒரு ஜெர்மன் போலீஸ், ஒரு பிரெஞ்சு டாக்டர், எல்லாரும் ஒரு கப்பல்ல. இத ‘யூரோபுட்டிங்’னு, எல்லா நாட்டையும் போட்டு கிண்டுன புட்டிங்னு, அங்கயே கிண்டல் பண்ணுவாங்க. 2011ல வந்த ‘ப்ரான்’ங்கற ஸ்வீடன்-டென்மார்க் கூட்டு சீரிஸ் ஏன் வேலை செஞ்சுதுன்னு பாருங்க. ஸ்வீடனையும் டென்மார்க்கையும் இணைக்கற ஓரசுண்ட் பாலத்துல சரியா எல்லைக்கோட்டு மேல ஒரு பிணம், பாதி ஒரு ஸ்வீடிஷ் பொண்ணோடது, பாதி ஒரு டேனிஷ் பொண்ணோடது, அதனால ரெண்டு நாட்டு போலீஸும் வந்தே ஆகணும். வேற நாட்டு ஆளு கதைக்குள்ள வர்றதுக்கு கதையே காரணம், பட்ஜெட் காரணம் இல்ல. ரெண்டு பேரும் அவங்கவங்க மொழிலயே பேசுவாங்க, அதுவே நல்லா எடுபட்டுச்சு. 2013ல அதையே இங்கிலீஷ் சேனல் சுரங்கத்துக்கு மாத்தி பிரிட்டனும் பிரான்ஸும் எடுத்தாங்க, அமெரிக்கா மெக்சிகோ எல்லைக்கும் மாத்தினாங்க, ஏன்னா எல்லை இருந்தா அந்த ஐடியா எங்க வேணா நிக்கும். பயிற்சில வர்ற ஒவ்வொரு ப்ராஜெக்ட்டயும் இப்படி கேக்கணும்: இந்த ரெண்டாவது நாட்ட தூக்கிட்டா கதை நடக்குமா? நடக்கும்னா அந்த நாடு காசுக்காக வந்துருக்கு.

க்ரைம் சீரிஸ்தான் அதிகமா எழுதுவாங்க, அதுல சட்டம் தெரியாம எழுதறது தலைவலி. எல்லாரும் அமெரிக்க சீரிஸ் பாத்து வளந்ததுனால விசாரணை சீன் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி எழுதுவாங்க. பிரான்ஸ்ல பெரிய கொலைக் கேஸ்னா விசாரணை நீதிபதின்னு ஒருத்தர் கேஸ நடத்துவாரு, பிரிட்டன்ல அப்படி ஆளே கிடையாது, இத்தாலில அரசு வக்கீல்தான் போலீஸுக்கு உத்தரவு போடுவாரு, கூடவே அங்க கராபினியேரி, சாதா போலீஸ்னு ரெண்டு படை, ரெண்டுக்கும் நடுவுல வர்ற உரசல வச்சே ஒரு எபிசோட் ஓட்டலாம். இங்கிலாந்துல சாதாரணமா 24 மணி நேரம்தான் பிடிச்சு வைக்கலாம், பெரிய குற்றம்னா கோர்ட் அனுமதியோட 96 வரைக்கும் போகும், ஜெர்மனில போலீஸ் பிடிச்சா மறுநாள் முடியறதுக்குள்ள நீதிபதி முன்னாடி நிறுத்தியாகணும். எழுதறவனுக்கு இது தொந்தரவு இல்ல, ஓசில கிடைக்கற டென்ஷன். யூரோபோல் (ஐரோப்பிய யூனியனோட போலீஸ் ஒத்துழைப்பு அமைப்பு) ஆளுங்க கதவ ஒடச்சு கைது பண்ற சீன் வந்தா உடனே அடிச்சுருங்க, அவங்களுக்கு கைது பண்ற அதிகாரமே இல்ல, தகவல் குடுக்கறது, ஒருங்கிணைக்கறதுதான் வேலை. (டென்மார்க் 2017ல இருந்து யூரோபோல்ல முழு உறுப்பினரே இல்ல, தனி ஒப்பந்தத்துலதான் ஓடுது, இத வச்சே ஒரு நல்ல சண்ட சீன் எழுதலாம், யாரும் எழுத மாட்டேங்கறாங்க.) ரூம்ல ஒவ்வொரு நாட்டு ரைட்டரும் தன் ஊரு சட்டம் எப்படின்னு அரை மணி நேரம் மத்தவங்களுக்கு சொல்லட்டும், அவங்களுக்கே தெரியலன்னா ஒரு ஓய்வு பெற்ற போலீஸ கூப்பிடுங்க.

நேரக் கணக்கயும் விட்டுராதீங்க. பிரான்ஸ்ல 52 நிமிஷம், ஜெர்மனில ‘டாட்டோர்ட்’ங்கற க்ரைம் சீரிஸ் 1970ல இருந்து 90 நிமிஷக் கணக்குல ஓடுது, ஸ்பெயின்ல ப்ரைம் டைம்ல 70 நிமிஷம் வரைக்கும் இழுத்துட்டு இருந்தாங்க. நம்ம எல்லாரும் பாத்த ‘மணி ஹெய்ஸ்ட்’ முதல்ல 2017ல ஸ்பெயின் டிவில 15 நீள எபிசோடா வந்துச்சு, நெட்ஃப்ளிக்ஸ் அத வெட்டி 22 ஆக்குச்சு. 52 நிமிஷத்துக்கு பழகுன ரைட்டர் சஸ்பென்ஸ எங்க வைப்பாரு, 90க்கு பழகுனவர் எங்க வைப்பாருங்கறது வேற, இத முதல்லயே முடிவு பண்ணாம அவுட்லைன் போட்டா மூணாவது எபிசோட்ல சண்ட வரும்.

இன்னொண்ணு, நிறைய பயிற்சி பிட்ச்சோட, அதாவது கதைய விக்கறதுக்கு பேசறதோட, முடிஞ்சுரும். ப்ரொட்யூசர்ஸ் முன்னாடி பத்து நிமிஷம் அழகா பேசி, பைபிள் டாகுமென்ட்ட (கதை, கேரக்டர் எல்லாம் எழுதி வச்ச டாகுமென்ட்) குடுத்துட்டு, ஒயின் குடிச்சுட்டு கெளம்பிருவாங்க. கூட்டா எழுதறதுல நெஜமா வலிக்கற எடம் செகண்ட் டிராஃப்ட், அதுவும் அடுத்தவன் எழுதுனத நீ திருத்தறது, உன்னுத இன்னொருத்தி திருத்தறத பல்ல கடிச்சுட்டு பாக்கறது. அத பயிற்சில ஒரு தடவயாவது செய்ய வைக்கலன்னா வேலைக்கு போன முதல் மாசமே கூட்டணி ஒடயும்.

கடைசியா உரிமை, எல்லாரும் வெக்கப்பட்டு தள்ளிப் போடற விஷயம். பிரான்ஸ்ல எழுத்தாளரோட தார்மீக உரிமைய (பேரு போடணும், இஷ்டத்துக்கு சிதைக்கக் கூடாதுங்கற உரிமை) யாரும் எழுதி வாங்கிக்க முடியாது, பிரிட்டன்ல 1988 சட்டப்படி கையெழுத்து போட்டு விட்டுக் குடுத்துரலாம், ஒரே ஸ்கிரிப்ட்ட எழுதின ரெண்டு பேருக்கு ரெண்டு நிலைமை. அதனால முதல் வாரத்துலயே ஒரு பக்கப் பேப்பர் போட்டுருங்க: ஐடியா யாரோடது, ரூம்ல சேந்தவங்க பேரு எப்படி வரும், யாராவது நடுவுல கெளம்பினா அவங்க எழுதுன சீன் யாருக்கு, பயிற்சி முடிஞ்சு ஒருத்தர் மட்டும் ப்ராஜெக்ட்ட ஒரு கம்பெனிக்கு வித்தா மத்தவங்களுக்கு என்ன. தப்போ சரியோ, கதை மேல ஆசை வர்றதுக்கு முன்னாடி இத எழுதினாத்தான் எல்லாரும் நிதானமா கையெழுத்து போடுவாங்க.