பாட்டிலில் ஏரிச் சேறு: நுண்ணுயிர்களை வீட்டிலேயே பார்த்துப் பழகும் முறை

பள்ளிப் பாடத்தில் நுண்ணுயிர்கள் அநேகமாக நோயோடு சேர்ந்துதான் அறிமுகமாகின்றன. காலராவுக்கு இது, காசநோய்க்கு இது, டைபாய்டுக்கு இது என்று பெயர்களை மனப்பாடம் செய்கிறோம், தேர்வு எழுதுகிறோம். கிருமி என்றாலே கொல்லப்பட வேண்டியது என்ற எண்ணம் மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. நமக்கு நோய் தருபவை அந்தப் பெருங்கூட்டத்தில் மிகச் சிறிய பகுதி. மிச்சமுள்ளவை உதிர்ந்த இலையை மண்ணாக்குகின்றன, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு எட்டச் செய்கின்றன, சாக்கடை நீரைத் தெளியவைக்கின்றன. நாம் மூச்சுவிடும் ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கியதே ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நுண்ணுயிர்களால்தான்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் அறிவியல் சொல்லித்தரும்போது நான் நுண்ணோக்கியில் தொடங்குவதில்லை. ஒரு பாட்டில், கொஞ்சம் ஏரிச் சேறு, ஒரு முட்டை, பழைய செய்தித்தாள் போதும். இவற்றைச் சேர்த்து ஜன்னலோரம் வைத்துவிட்டால் சில வாரங்களில் சேற்றில் பச்சை, ஊதா, கறுப்பு என்று நிறங்கள் திட்டுத்திட்டாக எழும்பும். ஒவ்வொரு திட்டும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் ஒன்றுகூடிய இடம். கண்ணுக்குத் தெரியாதவை என்று படித்தவற்றை வெறுங்கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இந்த முறையை 1880களில் வகுத்தவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி (1856–1953). அக்காலத்தில் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் காட்டிய வழியில், ஒரே வகை பாக்டீரியாவைத் தனியே பிரித்துத் தட்டில் வளர்ப்பதுதான் ஆராய்ச்சி. எந்த நோய்க்கு எது காரணம் என்று கண்டறிய அது மிகச் சரியான வழி. வினோகிராட்ஸ்கியின் நாட்டம் வேறு. அவை வாழும் சேற்றோடும் நீரோடும், அண்டை அயலோடும் வைத்தே அவற்றைப் பார்க்க விரும்பினார். வெயிலையும் நம்பாமல், பிற உயிர்களின் உடலையும் உண்ணாமல், கந்தகச் சேர்மங்கள் போன்ற கனிமப் பொருட்களிலிருந்தே ஆற்றல் எடுத்து வாழும் பாக்டீரியாக்கள் உண்டு என்று உலகுக்குக் காட்டியவர் அவர்தான். சேறு நிரப்பிய இந்தப் பாட்டிலுக்கு இன்றும் வினோகிராட்ஸ்கி தூண் என்றே பெயர்.

முதல் படி: பாட்டில்

ஒளி ஊடுருவும் உயரமான எதுவும் உதவும். 1 லிட்டர் அல்லது 2 லிட்டர் குளிர்பான பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டால் அகலமான வாய் கிடைக்கும். வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டுங்கள், பிள்ளைகளின் கையைக் கிழிக்காது. கண்ணாடி ஜாடி இன்னும் நல்லது. உயரம்தான் முக்கியம். மேலே ஆக்சிஜன், கீழே ஆக்சிஜனே இல்லாத இருட்டு என்ற வேறுபாடு உண்டானால்தான் ஒவ்வோர் உயிரும் தனக்கு ஏற்ற மட்டத்தைத் தேடிக்கொள்ளும்.

முடிந்தால் இரண்டு பாட்டில்கள் எடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: சேறு

பாட்டிலில் முக்கால் அளவு நிரம்பும் சேறும், அதே இடத்து நீர் ஒரு குவளையும் வேண்டும். அல்சூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தமிழ்ச் சங்கத்துக்கு எதிரே இருக்கும் ஏரிதான். ஆனால் நகரத்து ஏரிகளுக்கு வேலியும் காவலரும் உண்டு, அனுமதியின்றி இறங்குவது சரியல்ல, ஆபத்தும்கூட. பெலந்தூர், வர்த்தூர் போலக் கழிவுநீர் நேரடியாகக் கலந்த ஏரிகளின் சேற்றைப் பிள்ளைகள் தொடவே கூடாது. நர்சரிகளில் தாமரை, அல்லி வளர்க்கும் தொட்டிகளின் அடியில் அருமையான சேறு இருக்கிறது, கேட்டால் தருவார்கள். குடியிருப்பில் பாசி படிந்த அலங்காரக் குளம் இருந்தால் அதுவும் ஆகும். ஊருக்குப் போய்வரும்போது கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கம் ஏதாவது ஏரிக்கரையில் ஒரு டப்பா அள்ளி வருவது எல்லாவற்றிலும் சிறப்பு. கறுத்து, லேசாக வாடை அடிக்கும் சேறு கிடைத்தால் விடாதீர்கள். நமக்கு வேண்டியவை அதில்தான் நிறைய இருக்கும்.

கையுறை அணிந்து கல், குச்சி, வேர் எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். இட்லி மாவைவிடச் சற்றே கெட்டியாக வரும்வரை ஏரி நீர் விட்டுக் கலக்குங்கள்.

மூன்றாம் படி: உணவு சேர்த்தல்

கலக்கிய சேற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுங்கள். அதில் நான்கு பொருட்கள் சேர வேண்டும்.

ஒரு கைப்பிடி செய்தித்தாளை மிகச் சிறிய துண்டுகளாகக் கிழித்துப் போடுங்கள். காகிதம் என்பது செல்லுலோஸ், அதாவது கார்பன் அடங்கிய உணவு. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துச் சேருங்கள். அதில் கந்தகம் இருக்கிறது. முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்துப் பொடித்துப் போடுங்கள். அது கால்சியம் கார்பனேட், சேறு புளித்துப்போகாமல் காக்கும். கடைசியாக ஒரு சாக்பீஸைத் தூளாக்கிச் சேருங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த சாதாரண சாக்பீஸ் வேண்டும். அது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். இந்த சல்பேட் எதற்கு என்பது இந்தச் செய்முறையின் மிக அழகான பகுதி. நிறங்களைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

நான்காம் படி: நிரப்புதல்

உணவு கலந்த சேறு அடியில், வெறும் சேறு அதன்மேல். ஒவ்வொரு முறை கொட்டியதும் பாட்டிலை மேசையில் மெதுவாகத் தட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். சேற்றின் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு ஏரி நீர் ஊற்றுங்கள், அதற்கு மேலும் கொஞ்சம் வெற்றிடம் இருக்கட்டும். வாயை பிளாஸ்டிக் தாளால் மூடி ரப்பர் வளையம் போட்டு, ஊசியால் சில துளைகள் இடுங்கள். இறுக்கமாக மூடவே கூடாது. உள்ளே உண்டாகும் வாயுவுக்கு வழி இல்லையென்றால் பாட்டில் வெடித்துவிடலாம்.

ஐந்தாம் படி: இடம்

நல்ல வெளிச்சம் வர வேண்டும், உச்சி வெயில் நேராக அடிக்கக் கூடாது. காற்றோட்டமுள்ள பால்கனியின் நிழல் பக்கம் பொருத்தமானது. எல்இடி விளக்கின் அடியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஜன்னல் வெளிச்சமே மேல். ஊதா நிற பாக்டீரியாக்களின் நிறமி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நன்றாக உறிஞ்சும். பகல் வெளிச்சத்தில் அது தாராளமாக இருக்கிறது, எல்இடி விளக்கில் ஏறக்குறைய இல்லை.

இப்போது இரண்டாவது பாட்டில். அதையும் அப்படியே நிரப்பி, அலுமினியத் தாளால் முழுக்கச் சுற்றி அதே இடத்தில் வையுங்கள். ஒளி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சமமாக இருப்பதால், இரண்டுக்கும் பின்னால் தெரியும் வேறுபாட்டுக்கு ஒளியே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியும். நிறங்களைவிடவும் இந்த ஒப்பீட்டைத்தான் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாரத்துக்கு ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுங்கள். நீர் வற்றினால் குழாய் நீரைக் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். பாட்டிலை அசைக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் செய்தால் பொறுமை வேண்டும். அந்தக் குளிரில் தோசை மாவே இரவு முழுக்க வைத்தும் பொங்க மறுக்கும் ஊர் இது, சேற்றிலும் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும்.

நிறங்களை எப்படிப் படிப்பது

ஓரிரு வாரங்களில் நீரும் சேற்றின் மேற்பரப்பும் பச்சையாகும். இவை பாசிகளும் சயனோபாக்டீரியாக்களும். செடிகளைப் போலவே ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜன் வெளியிடுகின்றன. பழங்காலத்தில் காற்றை ஆக்சிஜனால் நிரப்பிய கூட்டத்தின் வழிவந்தவை இந்தச் சயனோபாக்டீரியாக்கள்.

ஏறக்குறைய அதே நேரத்தில் அடிச்சேறு கறுக்கத் தொடங்கும். பெங்களூருவின் செம்மண் கலந்த சேறாக இருந்தால் இந்த மாற்றம் மிகத் துலக்கமாகத் தெரியும். நடப்பது இதுதான். அடியிலிருந்த கொஞ்சம் ஆக்சிஜனையும் பாக்டீரியாக்கள் சீக்கிரமே தீர்த்துவிடுகின்றன. பிறகு, ஆக்சிஜன் தேவைப்படாத கிளாஸ்டிரிடியம் போன்றவை காகிதத்தைச் சிதைத்து அமிலங்களையும் ஹைட்ரஜனையும் வெளியே விடுகின்றன. அந்தக் கழிவை உண்ணும் டீசல்ஃபோவிப்ரியோ போன்ற அடுத்த கூட்டத்துக்குச் சுவாசிக்க ஆக்சிஜன் இல்லை. அவை சாக்பீஸிலிருந்து கரைந்த சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. நாம் ஆக்சிஜனை இழுத்து நீரை உண்டாக்குகிறோம், அவை சல்பேட்டை இழுத்து ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிற இரும்பு சல்பைடு. சிவந்த சேறு கறுத்தது இப்படித்தான்.

நான்கிலிருந்து எட்டு வாரங்களுக்குள் ஒளி விழும் பக்கத்தில் கறுப்புக்கு மேலே புதிய திட்டுகள் தோன்றும். ஆழத்தில் ஆலிவ் பச்சை, அதற்குச் சற்று மேலே ஊதா. முன்னது பச்சைக் கந்தக பாக்டீரியா, பின்னது ஊதாக் கந்தக பாக்டீரியா. கீழிருந்து வரும் அந்த நாற்ற வாயு இவற்றுக்கு உணவுப் பொருள். செடி நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியே தள்ளுகிறது, இவை ஹைட்ரஜன் சல்பைடைப் பிளந்து கந்தகத்தை ஒதுக்குகின்றன. சல்பைடைக் கூடுதலாகத் தாங்குவதால் பச்சை ஆழத்தில் இருக்கிறது. ஊதா அதைவிட ஒரு படி மேலே நின்றுகொள்கிறது. சில பாட்டில்களில் இன்னும் மேலே துருச்சிவப்பு நிறமும் வரும். அவை சல்பைடை அவ்வளவாக விரும்பாத வேறொரு ஊதாக் குடும்பம்.

இந்த ஊதா பாக்டீரியாக்களை ஆராய்ந்துதான் நுண்ணுயிரியல் அறிஞர் கார்னெலிஸ் வான் நீல் 1930களில் ஒரு பெரிய கருத்தை முன்வைத்தார். ஹைட்ரஜன் சல்பைடைப் பிளப்பவற்றிடமிருந்து கந்தகம் வருகிறதென்றால், செடி தரும் ஆக்சிஜனும் அது பிளக்கும் நீரிலிருந்துதானே வர வேண்டும்? அதுவரை ஆக்சிஜன் கார்பன் டைஆக்சைடிலிருந்து வருவதாகவே பரவலாக எண்ணியிருந்தார்கள். வான் நீல் சொன்னதே சரி என்று பின்வந்த சோதனைகள் காட்டின. மரத்தைப் பற்றிய உண்மை சேற்றிலிருந்து கிடைத்தது எனக்கு இன்றும் வியப்பு.

அலுமினியத் தாளைப் பிரித்துப் பாருங்கள். இருட்டில் இருந்த பாட்டில் கறுத்திருக்கும், நாற்றம் அதிகமாக இருக்கும். பச்சையும் ஊதாவும் இருக்காது. சல்பைடை உண்டாக்குபவை வேலை செய்திருக்கின்றன, அதைச் செலவிட வேண்டியவற்றுக்கு ஒளி கிடைக்கவில்லை.

பாட்டிலுக்கு வெளியே

இதே வேதியியல்தான் ஊரிலும் நடக்கிறது. ஏரியில் சாக்கடை கலந்தால் பாக்டீரியாக்களுக்கு விருந்து. உண்ணும் வேகத்தில் அவை நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது நீரில் ஆக்சிஜன் குறைந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த நிலையில் பாக்டீரியாக்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. அளவுக்கு மீறிய உணவை நாம்தான் கொட்டினோம்.

அவற்றுக்குத் தேவையான காற்றைக் கொடுத்தால் அதே பாக்டீரியாக்கள் நீரைச் சுத்தம் செய்து தருகின்றன. பெங்களூருவின் பெரிய குடியிருப்புகளில் அடித்தளத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இரவுபகலாக இரைந்துகொண்டிருக்குமே, அந்த இரைச்சல் பெரும்பாலும் தொட்டிக்குள் காற்று ஊதும் இயந்திரத்துடையது. அழுக்கை உண்பவை பாக்டீரியாக்கள், இயந்திரம் அவற்றுக்கு மூச்சு கொடுக்கிறது. அது நெடுநேரம் நின்றுவிட்டால் முட்டை நாற்றம் மாடிவரை வருவதன் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

இன்னும் நெருங்கிப் பார்க்க விரும்பினால் மனு பிரகாஷ் குழுவினர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் நல்ல துணை. ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கும். மேல்நீரில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் பாசிகளும், இழை இழையான சயனோபாக்டீரியாக்களும், விறுவிறுவென்று ஓடும் ஒரு செல் உயிர்களும் தெரியும். தனித்தனி பாக்டீரியாக்கள் பெரும்பாலும் புள்ளிகளாகவே இருக்கும், அதனால் சோர்ந்துவிட வேண்டாம்.

முடித்த பிறகு

தூண் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள். கொட்டும் நாளில் வெளியே திறந்தவெளியில் திறவுங்கள். நாற்றம் கடுமையாக இருக்கும், முகத்தைப் பாட்டிலருகே கொண்டுபோகக் கூடாது. சேற்றைத் தோட்டத்து மூலையில் சிறு குழி தோண்டி மூடிவிடலாம். சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வேறொரு ஏரியில் கொட்டுவதும் வேண்டாம், ஓரிடத்து உயிர்களை இன்னோரிடத்தில் விடுவது நல்ல பழக்கமல்ல. பிறகு பிள்ளைகள் எல்லோரும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவட்டும்.