இட்லிப் பானை இல்லாத வீட்டில் ஆவிப் பலகாரங்கள்

வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், இட்லிப் பானையும் புட்டுக்குழலும் கைவசம் இல்லை என்பதற்காக ஆவிப் பலகாரங்களைக் கைவிட வேண்டியதில்லை. அடியில் கொதிக்கும் நீர், அந்த நீர் எட்டாத உயரத்தில் மாவைத் தாங்கும் ஏதேனும் ஒன்று, ஆவியை உள்ளே நிறுத்தும் மூடி ஆகிய மூன்றும் அமைந்தால் போதும். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்லி இன்றும் மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில்தான் வேகிறது; மங்களூர்ப் பக்கத்தில் பலா இலைகளைக் கிண்ணமாகத் தைத்து அதில் மாவை ஊற்றுகிறார்கள்.

இருப்பவற்றுள் சிறந்தது துணி முறை என்பேன். அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் பாதிக்கும் குறைவாக நீர் ஊற்றி, மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, வாயின்மேல் சற்றே தொய்வாக விரித்துக் கழுத்தில் இறுகக் கட்டுங்கள். தொங்கும் முனைகளை மேலே மடித்துச் செருகாவிட்டால் அடுப்பு நெருப்பு பற்றிக்கொள்ளும். ஆவி துணியைக் கடந்து நன்றாக வரத் தொடங்கிய பின்னரே மாவை ஊற்ற வேண்டும். முன்னதாக ஊற்றினால் மாவு இறுகுவதற்குள் துணியின் இழைகள் வழியே கசிந்து, இட்லி தட்டையாகிவிடும். குழிவான மூடியால் மூடிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு, துணியோடு தட்டில் கவிழ்த்து, அதன் முதுகில் நீர் தெளித்து உரித்தால் ஒட்டாமல் வரும்.

துணி கட்ட வசதியில்லாதவர்கள் எண்ணெய் தடவிய கிண்ணத்திலோ டம்ளரிலோ முக்கால் அளவுக்கு மாவை ஊற்றி, ஒரு வளையத்தின் மேல் வைத்து அவிக்கலாம். குக்கரில் வைப்பதானால் வெயிட்டைப் போடக்கூடாது. கிண்ணத்தின் ஆழத்திற்கேற்ப நேரம் கூடும் என்பதால், கத்தி முனையைக் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாதபோது இறக்குங்கள். தட்டையான மூடியில் சேரும் நீர் மாவின்மேல் சொட்டி அதைக் குழைத்துவிடும். மூடியைத் துணியால் சுற்றிக் கட்டுவதே இதற்கு வழி.

புட்டுக்குச் சிரட்டை, அதாவது கொட்டாங்கச்சி, ஒன்றே போதும். நார் நீக்கிய சிரட்டையின் கண்ணைத் திறந்து, அடியில் தேங்காய்ப்பூவும் மேலே பிசிறிய மாவும் அழுத்தாமல் நிரப்பி, வெயிட் இல்லாத குக்கரின் ஆவிக்குழாயில் பொருத்துங்கள். பிடித்தால் பிடியாகவும் உதிர்த்தால் தூளாகவும் இருப்பதே மாவின் பதம். மேலே ஆவி வந்ததும் இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிடலாம். யாழ்ப்பாணத்து நீத்துப்பெட்டி கிடைத்தால் சிரட்டையும் வேண்டாம். பனையோலையில் பின்னிய அந்தக் கூம்பில் புட்டு, இடியப்பம் இரண்டையுமே அவிக்கலாம்.

கொழுக்கட்டைக்கு எண்ணெய் தடவிய வடிதட்டைப் பாத்திரத்தின்மேல் வைத்தால் வேலை முடிந்தது. எதை அவித்தாலும் நீர் வற்றும்போது கொதிநீரையே சேர்க்க வேண்டும், தண்ணீரைச் சேர்த்தால் ஆவி அடங்கி மாவு அரைவேக்காடாகிவிடும்.