எலியின் கருப்பைத் தசையில் இன்டெகிரினைப் பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

பிரசவ நேரத்தில் கருப்பைத் தசை முழுவதும் ஒன்றுசேர்ந்து சுருங்க வேண்டும். செல்லுக்குச் செல் மின்சமிக்ஞையைக் கடத்துவது கனெக்சின் 43 என்ற புரதம். ஆனால் தேர் இழுக்கும்போது குரல் மட்டும் கேட்டால் போதாது, வடம் பிடித்த கையும் வழுக்கக் கூடாது. அந்தப் பிடி இன்டெகிரின் என்ற புரதங்களுடையது. செல் சவ்வைக் கடந்து நிற்கும் இவை, வெளியே ஃபைப்ரோநெக்டின் போன்ற இழைகளையும், உள்ளே டாலின், வின்குலின் என்ற புரதங்கள் வழியாக ஆக்டின் இழைகளையும் பற்றிக்கொள்ளும். எலியில் கர்ப்பத்தின் கடைசி நாட்களிலும் பிரசவத்தின்போதும் ஆல்ஃபா 5 என்ற வகை இன்டெகிரின் கூடுகிறது. அதை ஒளிரும் ஆன்டிபாடி கொண்டு பார்ப்போம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: நாள் கணக்கு

எலியின் கர்ப்பம் 21 முதல் 23 நாள். இணைசேர்ந்த பெண் எலியின் யோனிப் பூச்சில் விந்தணு தென்பட்ட காலையைச் சில ஆய்வகங்கள் 0 என்றும் சில 1 என்றும் எண்ணும். உங்கள் கணக்கை நோட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறர் முடிவுகளோடு ஒப்பிடும்போது ஒரு நாள் நழுவும். கர்ப்பமில்லாத எலி, 6, 15, 21-ஆம் நாட்கள், பிரசவ நேரம் என ஐந்து கட்டங்கள் தொடக்கத்துக்குப் போதும்.

படி 2: திசு

குட்டியையும் நஞ்சுக்கொடியையும் நீக்கி, நஞ்சு ஒட்டாத இடத்துச் சுவரை எடுங்கள். ஓசிடி பசையில் (உறையும் திசுவைச் சூழ்ந்து தாங்கும் பசை) வைத்து, திரவ நைட்ரஜனில் குளிர்வித்த ஐசோபென்டேன் திரவத்தில் உறைய வையுங்கள். பாரஃபின் மெழுகில் பதித்தால் வடிவம் அழகாக வரும், உண்மைதான். ஆனால் பல இன்டெகிரின் ஆன்டிபாடிகள் அதில் சரியாக ஒட்டாது.

படி 3: சீவல்

உறைந்த திசுவைச் சீவும் கருவியான கிரையோஸ்டாட்டில் -20 டிகிரியில் 8 மைக்ரோமீட்டர் கனம். கருப்பைக் கொம்புக்கு (எலியின் கருப்பையில் குழாய் போன்ற இரு கிளைகளில் ஒன்று) குறுக்காக வெட்டுங்கள். குளிர்ந்த அசிட்டோனில் 10 நிமிடம், பிறகு காற்றில் உலர்த்தல். அசிட்டோனே சவ்வைத் துளைத்துவிடும் என்பதால் ட்ரைட்டன் என்ற சோப்புப் பொருள் தேவையில்லை.

படி 4: ஆன்டிபாடி

முதல் ஆன்டிபாடி இன்டெகிரினைப் பிடிக்கும்; பச்சையாக ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி அந்த முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும். இரண்டாம் ஆன்டிபாடி ஆட்டிலிருந்து வந்தது என்றால், 5% ஆட்டு சீரத்தில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். முதல் ஆன்டிபாடி முயலிலிருந்து வந்ததாக இருப்பது நல்லது. எலியும் சுண்டெலியும் நெருங்கிய இனம். சுண்டெலி ஆன்டிபாடி போட்டால், அதைத் தேடி வரும் இரண்டாம் ஆன்டிபாடி எலித் திசுவிலேயே இருக்கும் ஆன்டிபாடிகளையும் பிடித்துக்கொள்ளலாம். எங்கு பார்த்தாலும் பச்சை!

முதல் ஆன்டிபாடியோடு 4 டிகிரியில் ஓர் இரவு, ஈரப் பெட்டியில். பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் ஐந்தைந்து நிமிடமாக மூன்று முறை கழுவல். அப்புறம் இருட்டில் இரண்டாம் ஆன்டிபாடி ஒரு மணி நேரம், மீண்டும் கழுவல், செல்களின் உட்கருக்களைக் காட்ட டாப்பி சாயம், கவர் கிளாஸ்.

கூடவே இன்னும் இரண்டு ஸ்லைடுகள் கட்டாயம்: முதல் ஆன்டிபாடியே போடாதது ஒன்று, அதற்குப் பதில் சாதாரண முயல் ஐஜிஜி (இன்டெகிரினைக் குறிவைக்காத முயல் ஆன்டிபாடி) போட்டது ஒன்று. இவை இல்லாத படத்தை நான் நம்ப மாட்டேன்.

படி 5: படத்தை வாசித்தல்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். குறுக்கு வெட்டில் உட்புற வட்டத் தசையின் செல்கள் நீளவாக்கில், நடுவில் பருத்து இரு முனையும் கூராக, நூற்கும் கதிரின் வடிவில் தெரியும். வெளிப்புற நீளத் தசையின் செல்கள் குறுக்கே வெட்டுப்பட்டு வட்ட வட்டமாக இருக்கும். ஒரே புரதம் இரண்டு அடுக்கிலும் வேறுமாதிரி தோன்றினால், அது வெட்டிய கோணத்தின் விளைவாகவும் இருக்கலாம். ஆகவே நீள வெட்டிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்டெகிரின் செல்லின் ஓரத்தில் இருக்க வேண்டும். செல்லின் உட்கருவே பச்சையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். இரு தசை அடுக்குகளுக்கும் நடுவே ரத்த நாளங்கள் நிறைய உண்டு. அவற்றின் உட்சுவரிலும் ஆல்ஃபா 5 இருக்கும். அந்த ஒளி உண்மையானதுதான், ஆனால் தசையின் கணக்கில் சேராது. சிவப்பணுக்களோ எந்த ஆன்டிபாடியும் இல்லாமலே மின்னும்.

எல்லாக் கட்டங்களுக்கும் கேமராவில் ஒரே எக்ஸ்போஷர் வையுங்கள். அப்படியும் 'இவ்வளவு மடங்கு கூடியது' என்று படத்தை மட்டும் வைத்து எழுதாதீர்கள். அளவுக்கு வெஸ்டர்ன் பிளாட் (திசுவின் புரதங்களைப் பிரித்து, ஆன்டிபாடியால் அளக்கும் முறை) வேண்டும். அதற்கு எடுக்கும் துண்டில் கருப்பையின் உட்படலமான எண்டோமெட்ரியத்தை முதலில் சுரண்டி நீக்குங்கள். நீக்காவிட்டால் எந்தத் திசுவின் புரதத்தை அளந்தோம் என்று சொல்ல முடியாது.