பாலை வாசலுக்கு வரவழைத்து நான் செய்த தவறு

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். ஹஸ்தம்பட்டியில் தனியாக இருக்கும் ஒரு தாத்தாவின் போனில் மளிகை ஆப்பைப் போட்டு, ஆர்டர் செய்யவும் பழக்கிவிட்டாளாம். “இனிமே தாத்தா வெளியவே போக வேண்டாம்க்கா.”

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடத்துக்கு முன் நானே பேசிய வசனம் இது.

சேலத்தில் துணையில்லாத பெரியவர்களை வாரம் ஒரு முறை போய்ப் பார்த்து வருவதுதான் எங்கள் வேலை. சத்தமாகப் பேச வேண்டும், பேச்சை வெட்டக் கூடாது என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் தானாக வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பழகிய பிறகும் நாம் செய்கிற தவறுகள் மட்டும் இங்கே.

தனியாக இருந்தாலே தனிமை என்று முடிவு கட்டுவது

‘தனியாக இருப்பது தினம் 15 சிகரெட் பிடிப்பதற்குச் சமம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எங்கள் பையன் ஒருவன் அதைக் குகைப் பகுதியில் ஒரு பெரியவரிடம் படித்தே காட்டிவிட்டான். அவர் நிதானமாகக் கேட்டார்: “பீடியை விட்டுட்டா ரெண்டும் சரியாப் போயிடுமா தம்பி?”

அந்த ஒப்பீட்டுக்கு வேர், அமெரிக்க உளவியலாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் இன்னும் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு. 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், சராசரியாக ஏழரை ஆண்டுகள். உறவுகள் வலுவாக இருந்தவர்கள் அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று வந்தது. வாட்ஸ்அப்பில் வராத வரி ஒன்றும் அதில் உண்டு. வீட்டில் தனியாக வசிக்கிறாரா என்ற ஒற்றைக் கேள்விதான் எல்லா அளவுகோல்களிலும் பலவீனமானது. பலவகைத் தொடர்புகளையும் சேர்த்து எடைபோட்ட அளவுகோல்தான் வலுவாக நின்றது.

நாகலூர்ப் பக்கம் ஓர் அம்மாவைப் பார்க்க, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போனோம். ஒற்றை ஆள், ஒற்றை வீடு. வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. காப்பி பறிக்கப் போன மூன்று வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் அவர் பொறுப்பில். “இன்னிக்கு வேலை கிடக்கு, அப்புறம் வாங்க” என்று அனுப்பிவிட்டார். கிச்சிப்பாளையத்தில் ஒரு பாட்டி, வீட்டில் ஏழு பேர். நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் அவரோடு பேசியது டிவி மட்டும்தான். எங்கள் பட்டியலில் அந்த அம்மா இருந்தார், பாட்டி இல்லை.

“மக தினம் போன் பண்றா, போதும்”

போதாது. 1997-ல் அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழுவினர் 276 பேருடைய மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வகை உறவு உள்ளவர்களோடு ஒப்பிட்டால், மூன்று வகைக்குள் நின்றவர்களுக்குச் சளி பிடிக்கும் அபாயம் நாலு மடங்குக்கும் மேல். பிள்ளைகள் ஒரு வகை, அக்கம்பக்கம் ஒரு வகை, வேலையிடம், கோயில் கமிட்டி என்று அது நீளும். ஆடிப் பண்டிகைக்குக் கூழ் ஊற்றக் கூப்பிடும் ஆளிடம் “வெயில் ஜாஸ்தி, அப்பா வர மாட்டார்” என்று நீங்களே சொல்லி ஒரு வகையைக் குறைத்துவிடாதீர்கள்.

வேலையைப் பிடுங்கிக்கொள்வது

அம்மாபேட்டையில் ஒரு நெசவாளி ஐயா, 78 வயது. காலை ஐந்தரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு, தூக்குவாளியோடு பால் வாங்கக் கிளம்புவார். டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். பழைய தறிக்கூட்டாளி ஒருவர் கண்புரையோடு பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். முதலில் இறப்பு விளம்பரம், கடைசியில் வெள்ளி விலை. திரும்பும் வழியில் தறிச்சத்தம் கேட்கும் வீட்டு ஜன்னலில் நின்று, இழை அறுந்தது தெரியாமல் ஓட்டுகிற பையனை ஓர் அதட்டல். வீடு சேர ஏழரை ஆகும். வாங்கியது என்னவோ அரை லிட்டர் பால்.

நான் பார்த்ததெல்லாம் பஸ் வரும் சாலையைக் கடக்கிற ஒரு வயதானவரை. பால் பாக்கெட் வாசலுக்கு, பேப்பர் வாசலுக்கு, மெஸ்ஸிலிருந்து கேரியர். மூன்றையும் ஒரே வாரத்தில் ஏற்பாடு செய்தேன். குழுவில் பாராட்டு வேறு.

இரண்டாவது மாதம் போனபோது சவரம் செய்யாத முகம். மூன்றாவது மாதம் மதியம் பன்னிரண்டுக்குப் போனால், பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்து எறும்பு மொய்த்திருந்தது. பிரஷர் மாத்திரை அட்டையில் ஒன்பது மாத்திரை மிச்சம். கடை டீயோடு போட்டுக்கொள்வது அவர் வழக்கமாம். டீ நின்றதும் மாத்திரையும் நின்றிருக்கிறது. வெளியே போவதே இல்லையா ஐயா என்றேன்.

“பாலு வாசலுக்கே வருது. பேப்பரும் வருது. அப்புறம் நான் எதுக்கும்மா சட்டை போடணும்?”

கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டெஃபனி பிரவுனும் கூட்டாளிகளும் 2003-ல் வெளியிட்ட ஆய்வை ரொம்பப் பின்னால்தான் படித்தேன். 423 முதிய தம்பதிகளை ஐந்தாண்டுகள் கவனித்திருக்கிறார்கள். உதவி பெற்றவர்களுக்கு அதனால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. அடுத்தவருக்கு உதவி செய்தவர்களிடம்தான் இறப்பு குறைவு. தெம்பு இருப்பவர்தானே உதவ முடியும் என்று எனக்கும் தோன்றியது. உடல்நிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை.

பாலை நிறுத்தினேன். இரண்டு நாள் என்னைத் திட்டினார், மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பெஞ்ச் காலி. “அவரை மக ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பேப்பர் படிக்க இவரு வருவாரான்னு கொஞ்ச நாள் வந்து வந்து பாத்துட்டிருந்தாரு” என்றார் டீ மாஸ்டர். ஐயா அதற்குப் பிறகு தினமும் கடைக்குப் போனார். பேப்பரைச் சத்தமாகப் படிக்கவில்லை.

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருவது எதற்கென்றால், ஒரு நாள் காலை அவர் பின்னால் நடந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். இரண்டு மணி நேரச் செலவு. நான் கால் மணி நேரம் விசாரித்துவிட்டு முடிவெடுத்தேன். அதனால் யாருக்காவது எதையாவது சுலபமாக்கும் முன் ஒரு நாள் கூடப் போய்வாருங்கள். சாலைதான் பயம் என்றால் கடக்கிற இடம் வரை துணைக்குப் போகலாம். படுக்கையில் இருப்பவருக்கு எல்லாம் வீட்டுக்குத்தான் வர வேண்டும், சரி. அவரிடமும் பூண்டு உரிக்கக் கொடுங்கள், பக்கத்து வீட்டுச் சாவியைக் கொடுத்து வையுங்கள்.

அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் ஆப்பை அழிக்கச் சொல்லவில்லை. அரிசி மூட்டையை ஆப் தூக்கி வரட்டும். கொத்தமல்லி, வெற்றிலை இரண்டையும் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னேன்.

பேச்சுத்துணையை மாத்திரைக்கு மாற்றாகச் சொல்வது

மேலே சொன்ன எந்த ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை.

செல்ஃபி

வேண்டாம்.

“ஞாயித்துக்கிழமை வர்றேன்” என்று சும்மா சொல்வது

சனிக்கிழமை சாயங்காலமே திண்ணையைப் பெருக்கி வைத்திருப்பார்கள். வர முடியாவிட்டால் அதற்கு முன் போன் செய்யுங்கள்.