வாயுத் துப்பாக்கிக்கு ஏற்ற சன்னத்தைத் தெரிவு செய்தல்

ஒரே தயாரிப்பான இரு வாயுத் துப்பாக்கிகள்கூட ஒரே சன்னத்தை ஒரே விதமாகச் சுடுவதில்லை. ஆகையால் பெட்டியின் விலையை நம்புவதிலும் பார்க்க, உங்கள் துப்பாக்கியிலேயே சோதித்தறிவது முறையாகும்.

யாழ்ப்பாணத்தில் வைகாசி முதல் வீசும் சோளகக் காற்று, ஏறத்தாழ அரைக் கிராம் நிறையே கொண்ட 4.5 மில்லிமீற்றர் சன்னத்தை எளிதில் விலக்கிவிடும் என்பதால், உரிய அனுமதியுள்ள மூடிய கூடத்தில், இலக்கின் பின்னே உறுதியான தடுப்பை அமைத்து, 10 மீற்றர் தூரத்தில் சுடுங்கள். துப்பாக்கியை மணற்பையின் மீது தாங்கவையுங்கள். இல்லையேல் சோதிக்கப்படுவது சன்னமன்று, உங்கள் கையே.

வகையை மாற்றும்போது குழாயினுள் முந்தைய ஈயப் படிவு இருக்குமாதலால், முதற் சில சூடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பின்னர் ஐந்து சூடுகள் கொண்ட தொகுதிகளை, வகைகளை மாறி மாறி எடுத்துச் சுடுங்கள். ஒரு வகையை முழுதும் முடித்த பின் அடுத்ததைத் தொடங்கினால், களைப்பின் பழி பிந்தியதன் மேல் விழும். இடையில் குறிகாட்டியைத் திருத்த வேண்டாம், ஏனெனில் நாம் தேடுவது நடுப்புள்ளியை அன்று, நெருக்கத்தையே.

மிக விலகிய இரு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து, அதிலிருந்து 4.5 மில்லிமீற்றரைக் கழித்தால் தொகுதியின் அகலம் கிடைக்கும். தட்டைத்தலைச் சன்னம் துப்புரவான துளையிடும். உருண்டைத்தலை தாளைக் கிழிப்பதால் தடித்த மட்டையை இலக்காக்குங்கள். ஒரேயொரு சிறந்த தொகுதியைக் கண்டு மயங்காமல் சராசரியை ஒப்பிடுங்கள். வெற்றி பெற்ற வகையில் 4.49, 4.50 போன்ற வேறு தலை விட்டங்கள் கிடைக்குமாயின், அவற்றையும் இவ்வாறே சோதிக்கலாம்.