ஒன்டாரியோவில் நீச்சல் குளத்தோடு வீடு வாங்கியவர்களுக்கு: ஹீட்டர் ஒழுகினால்

மார்க்கம், ஏஜாக்ஸ், பிக்கரிங் பக்கம் பின்வளவில் நீச்சல் குளம் உள்ள வீட்டை நம்மவர்கள் பலர் பனிக்காலத்தில்தான் வாங்குகிறார்கள். குளம் மூடிக் கிடக்கும், மேலே பனி குவிந்திருக்கும். வீட்டைச் சோதிக்க வருபவர் ஃபர்னஸ், கூரை, பேஸ்மென்ட் எல்லாம் பார்ப்பார். குளத்துச் சாமான்கள் பெரும்பாலும் அவர் கணக்கில் வராது. மே மாதம் விக்டோரியா டே வாக்கில் குளத்தைத் திறந்து ஹீட்டரைப் போட்ட பிறகுதான் அடியில் தண்ணீர் சொட்டுவது கண்ணில் படும்.

சொட்டுவதைப் பார்த்த உடனேயே ரிப்பேர்காரரைக் கூப்பிட வேண்டாம். முதலில் அது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். காஸ் ஹீட்டரில் காஸ் எரியும்போது நீராவியும் உண்டாகும். மே மாதத்துக் குளிர்ந்த தண்ணீர் குழாய்க்குள் ஓடும்போது அந்த ஆவி குழாயின் வெளிப்புறத்தில் வியர்த்துச் சொட்டும். குளம் சூடேற ஏற நின்றுவிடும். காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் மின்சார ஹீட் பம்ப் வகை என்றால் ஓடும் நேரமெல்லாம் வியர்க்கும், அது அதன் இயல்பு. ஆகவே ஹீட்டரை அணைத்து, அடியைத் துடைத்துவிட்டு, குளத்துத் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பை மட்டும் சில மணி நேரம் ஓடவிடுங்கள். காய்ந்தே இருந்தால் பயமில்லை. மறுபடி ஈரமானால் கசிவுதான். சந்தேகம் தீர, குளத்து நீரைச் சோதிக்கும் பட்டையைச் சொட்டும் நீரில் நனைத்துப் பாருங்கள். குளோரின் காட்டினால் அது குளத்துத் தண்ணீர். அதற்கு முன் குளத்திலேயே குளோரின் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இப்போதுதான் திறந்த குளத்தில் இல்லாமலும் இருக்கும்.

கசிவு என்று உறுதியானால், வெளியே கைக்கு எட்டும் இடங்களை முதலில் பாருங்கள். குளிர்காலத்துக்கு மூடும்போது ஹீட்டரின் அடியில் உள்ள சிறு திருகு மூடிகளைக் கழற்றித் தண்ணீரை வடித்திருப்பார்கள். தொலையாமல் இருக்க அவற்றைப் பம்பின் கூடைக்குள் போட்டுவைப்பது இங்கே வழக்கம். வசந்தத்தில் திரும்பப் பூட்டும்போது ஒன்று லூசாக நிற்கும், அல்லது அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். அப்படியென்றால் சில டாலரோடு வேலை முடிந்தது. தண்ணீர் வரும், போகும் குழாய்கள் ஹீட்டரோடு சேரும் இணைப்புகளையும் தடவிப் பாருங்கள்.

ஈரம் பெட்டிக்கு உள்ளேயிருந்து வந்தால் கதை வேறு. உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் செப்புக் குழாய்க் கட்டு ஓட்டையாகியிருக்கலாம். அந்த நிலையில் ஹீட்டரை ஓட்டவே கூடாது. பர்னர் நனைந்து துருப்பிடித்தால் காஸ் சரியாக எரியாது, கார்பன் மோனாக்சைடு வரும். காஸ் வால்வை மூடுங்கள்: கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். பைபாஸ் வால்வு இருந்தால் ஹீட்டரைத் தவிர்த்து ஃபில்டரை ஓட்டலாம். குளிர்ந்த தண்ணீரில் பிள்ளைகள் எப்படியும் குதிப்பார்கள். காஸ் மணம் அடித்தால் எதையும் தொடாமல் எல்லோரும் தள்ளிப் போய், அங்கிருந்து காஸ் கம்பெனியின் அவசர எண்ணையோ 911-ஐயோ அழையுங்கள்.

பெட்டியைத் திறந்து காஸ் பகுதியில் கைவைப்பது உரிமம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. ஒன்டாரியோவில் அந்த உரிமத்தைத் தருவது டிஎஸ்எஸ்ஏ (TSSA) என்ற பாதுகாப்பு அமைப்பு. வீட்டுக் குளத்து ஹீட்டருக்கு ஜி2 (G2) என்ற காஸ் டெக்னீஷியன் சான்றிதழ் உள்ளவர் போதும். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. "தெரிந்த பெடியன் ஒருத்தன் மலிவாகச் செய்வான்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

செப்புக் குழாய் ஏன் ஓட்டையானது என்றும் வந்து பார்க்கும் டெக்னீஷியனிடம் கேளுங்கள். தண்ணீர் வடியாமல் நின்று உறைந்து வெடித்ததா, அமிலம் தின்றதா என்று பார்த்தால் தெரியும். குளோரின் மாத்திரைகளை ஸ்கிம்மர் கூடையில் (குளத்தின் மேல் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் கூடை) போடும் பழக்கம்தான் இங்கே பெரிய வில்லன். பம்ப் நிற்கும் நேரத்தில் அவை கரைந்து கடும் அமில நீராகி, பம்ப் ஓடத் தொடங்கியதும் நேரே ஹீட்டருக்குள் போகும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது ஹீட்டர் போட்டால் அதற்கும் அதே கதிதான். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்கட்டும். குளோரின் போடும் கருவி ஹீட்டருக்குப் பிறகு இருக்கட்டும்.

குழாய்க் கட்டை மட்டும் மாற்றுவதா, முழு ஹீட்டரையுமா? பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டின் சீரியல் எண்ணை வைத்து வயதைக் கண்டுபிடிக்கலாம். பத்து வருடம் தாண்டியதென்றால் புதுசு வாங்குவதே என் கட்சி. உறைந்து வெடித்ததற்கும் ரசாயனம் தின்றதற்கும் வாரன்டி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் வீடு வாங்கிய ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஹீட்டர் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால், பழுது பார்க்கும் பொறுப்பு வாடகைக் கம்பெனியுடையதாக இருக்கலாம். குளமும் அதன் சாதனங்களும் நல்ல நிலையில் இயங்கும் என்று விற்றவர் உறுதி தரும் வரி பல ஒப்பந்தங்களில் உண்டு. இருந்தால் ஹீட்டரைக் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்து, டெக்னீஷியனிடம் எழுத்தில் ஒரு அறிக்கை வாங்கி, இரண்டையும் வீடு முடித்துத் தந்த லோயருக்கு அனுப்புங்கள்.