பெர்லின், 1923: இரு யூத ஆண்களின் காதல் நாவலுக்கு அறிவிப்பு எழுதும் முறை

1923ஆம் ஆண்டின் பெர்லினில் இரண்டு யூத ஆண்கள் காதலிக்கிறார்கள் என்று நாவலின் வெளியீட்டு அறிவிப்பின் முதல் வரியில் நீங்கள் எழுதிய உடனே, வாசகரின் மனத்தில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிடும். இன்னும் பத்தாண்டுகளில் ஹிட்லர் ஆட்சிக்கு வரப்போவது கதைமாந்தருக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். ஆகவே அட்டைப்படத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன்பே, 'இருவரும் பிழைப்பார்களா?' என்றுதான் அவர் கேட்பார். காதல் நாவல் என்ற வகைப்பெயரே காதலர்கள் சேர்ந்து வாழ்வார்கள் என்ற உறுதியைத் தருகிறது என்பதால், அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத அறிவிப்பு, எத்தனை அழகாக எழுதப்பட்டிருந்தாலும், பாதி அறிவிப்புதான்.

'கதை 1923இன் இறுதியில் மகிழ்ச்சியாக முடிகிறது' என்று எழுதுவது விடையாகாது. மீதிக் கணக்கை வாசகரே போட்டுவிடுவார். காதலர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். அந்த ஊரை நாவலை எழுதும்போதே கவனமாகத் தேர்ந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 175ஆம் பிரிவை நாஜிகள் 1935இல் மேலும் கடுமையாக்கினார்கள். போருக்குப் பின்னும் மேற்கு ஜெர்மனி அந்தக் கடுமையான வடிவத்தையே 1969 வரை வைத்திருந்தது. இங்கிலாந்தில் 1967 வரை தண்டனை உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்திலும் 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்த உறவு குற்றமே. நம் நாட்டில் 2018 வரை இந்த உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவுக்கு அது ஒரு வகையில் பங்காளி. பிரான்ஸ் 1791லேயே இதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது, ஆனால் 1940இல் அங்கும் ஜெர்மன் படை வந்துவிடுகிறது.

நானாக இருந்தால் புவெனஸ் ஐரிஸைத் தேர்ந்தெடுப்பேன். அர்ஜென்டினாவின் தண்டனைச் சட்டத்தில் அக்காலத்தில் இந்த உறவு குற்றமாக இல்லை; காவல்துறையின் தொல்லை இருந்தது என்பது வேறு செய்தி. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய, எபிரேய எழுத்தில் எழுதப்படும் இத்திஷ் மொழியில் அந்நகரில் நாளிதழ்கள் வெளிவந்துகொண்டிருந்தன. நாயகர்களில் ஒருவர் எபிரேய எழுத்துகளைக் கோக்கும் அச்சுக்கோப்பாளர் என்று வைத்துக்கொண்டால், அவருக்கு அங்கே வேலை கிடைப்பதை வாசகர் நம்புவார். 'பெர்லின் அச்சுக்கூடத்தில் தொடங்கி, புவெனஸ் ஐரிஸில் இருவர் வாழும் ஒரு மாடி அறையில் முடியும் காதல் கதை' என்ற ஒரே வரி, கதைத்திருப்பம் எதையும் உடைக்காமல் வாசகரின் அச்சத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்தது காலத்தைக் காட்டும் செய்தி. நீங்கள் திரட்டிய அனைத்தையும் அறிவிப்பில் கொட்டாதீர்கள். காதலர்களின் அன்றாடத்தைத் தொடும் ஒன்றை மட்டும் எடுங்கள். 1923 நவம்பரில் ஒரு டாலரின் மதிப்பு 4.2 லட்சம் கோடி ஜெர்மன் மார்க். காலையில் வாங்கிய கூலியை மதியத்துக்குள் செலவழிக்காவிட்டால் அது வெறும் காகிதம் என்பதால், இருவரும் நாள்தோறும் ரொட்டிக் கடை வரிசையில் சந்திக்க ஒரு காரணம் கிடைக்கிறது. அதே நவம்பர் 5ஆம் தேதி, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை யூதர்கள் வாழ்ந்த ஷாய்னன்ஃபீர்டல் பகுதியில் யூதர்கள் தாக்கப்பட்டார்கள். இது நாவலில் வருமானால், வன்முறைக் காட்சி உண்டு என்று அறிவிப்பிலும் ஒரு வரி சொல்லிவிடுவது முறை.

ஆயினும் யூதர் என்றால் துன்புறுத்தப்படுபவர் என்று மட்டும் காட்டும் அறிவிப்பு என்னைச் சலிப்படையச் செய்கிறது. யூதர்களின் வாராந்திர ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதோடு தொடங்குகிறது. பெர்லினில் டிசம்பர் மாதச் சூரியன் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். விளக்கேற்றும் நேரத்துக்குள் தாயின் வீட்டுக்கு ஓட வேண்டிய அச்சுக்கோப்பாளரும், ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் வழக்கத்தையே விட்டுவிட்ட, வசதியானவர்கள் வாழும் ஷார்லாட்டன்பர்க் பகுதிக் குடும்பத்துப் பிள்ளையும் பிரியும் அந்த அவசரத்தை மாதிரிப் பகுதியாகத் தாருங்கள். முத்தக் காட்சியைவிட அதுவே உங்கள் நாவலைப் பிற காதல் நாவல்களிலிருந்து பிரித்துக் காட்டும்.

சொற்களில் ஒளிவுமறைவு வேண்டாம். 'வித்தியாசமான நட்பு' என்று எழுதினால், இந்த நாவலைத் தேடும் வாசகர் அதைக் கண்டடைய மாட்டார். தேடாதவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். தன்பாலீர்ப்பு என்று தெளிவாகவே எழுதுங்கள். கதைமாந்தர் பேச்சில் மட்டும் அக்காலச் சொற்கள் இருக்கட்டும்: ஜெர்மன் எழுத்தாளர் உல்ரிக்ஸ் 1860களில் தன்பாலீர்ப்புள்ள ஆணைக் குறிக்க உருவாக்கிய 'ஊர்னிங்' என்ற சொல்லும், 1869இல் அச்சேறிய 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லும் 1923இன் பெர்லினுக்குப் பொருந்தும், 'கே' என்பது பொருந்தாது.

மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்டு போன்ற வரலாற்று மனிதர் கதையில் நடமாடினால், அவர் பேசும் வசனங்கள் கற்பனை என்று அறிவிப்பிலேயே குறிப்பிடுங்கள். யூதராகவும் தன்பாலீர்ப்பாளராகவும் இருந்த அந்த மருத்துவர் 1919இல் பெர்லினில் நிறுவிய பாலியல் ஆய்வு நிறுவனம் 1933 மே 6 அன்று சூறையாடப்பட்டது. நான்கு நாள் கழித்து அதன் நூல்கள் தீயிலிடப்பட்டன. அந்தத் தீயின் படத்தை 1923இல் நடக்கும் கதையின் அட்டையில் போடக் கூடாது. மஞ்சள் நட்சத்திரமும் அப்படியே. ஜெர்மனியில் அதைக் கட்டாயமாக்கியது 1941இல்தான்.

பக்க எண்ணிக்கை, விலை, கிடைக்குமிடம் ஆகியவற்றுக்கு இரண்டு வரி போதும். வெளியீட்டு நாளைப் பதிப்பாளர் உறுதி செய்த பிறகே எழுதுங்கள். அது வெள்ளி மாலைக்கும் சனி மாலைக்கும் இடையிலோ, யோம் கிப்பூர் நோன்பு நாளிலோ விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் யூத வாசகர் அப்போது கைபேசியைத் தொடவே மாட்டார்.